இரண்டு கோல்கள்: இடைக்கால ஜெர்மனியில் ஒரு பேராயரின் அதிகாரம்

1062ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், ரைன் ஆற்றின் கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற அரச மாளிகையில் ஒரு விருந்து நடந்தது. ஜெர்மனியின் அரசனான நான்காம் ஹென்றிக்கு அப்போது 11 வயது. அவனுக்காக ஆட்சியை நடத்திவந்தவர் அவனுடைய தாய் ஆக்னெஸ். விருந்து முடிந்து சிறுவன் மகிழ்ச்சியாக இருந்த நேரம் பார்த்து, விருந்தாளிகளில் ஒருவர், தாம் புதிதாக அலங்கரித்துக் கொண்டுவந்திருக்கும் படகைப் பார்க்க வரும்படி அவனை அழைத்தார். சிறுவன் படகில் ஏறியதும் துடுப்புக்காரர்கள் வலித்தார்கள். படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது. தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அஞ்சிய ஹென்றி தண்ணீருக்குள் குதித்தான். எக்பெர்ட் என்ற பிரபு பின்னாலேயே குதித்து, தானும் மூழ்கும் நிலைக்குப் போய், அவனை மீட்டுப் படகில் ஏற்றினார். படகு நேராகக் கொலோன் நகருக்குச் சென்றது. அரசன் யார் கையில் இருக்கிறானோ அவர் கையில்தான் நாடு என்பது அக்கால வழக்கம். ஆக்னெஸின் ஆட்சி அன்றோடு முடிந்தது.

இந்தக் கடத்தலுக்குத் தலைமை தாங்கிய விருந்தாளியின் பெயர் அன்னோ. அவர் கொலோன் நகரின் பேராயர். பிற்காலத்தில், 1183இல், திருச்சபை அவரைப் புனிதராகவும் அறிவித்தது.

பேராயர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது திருப்பலி நிறைவேற்றுபவர், குருக்களைத் திருநிலைப்படுத்துபவர், மறைமாவட்டத்தை மேற்பார்வையிடுபவர் என்ற உருவம். கொலோன் பேராயர் இதையெல்லாம் செய்தார். லியேஜ், உட்ரெக்ட், மியூன்ஸ்டர், ஓஸ்னாபுரூக், மிண்டன் ஆகிய ஊர்களின் ஆயர்கள் அவருக்குக் கீழ்ப்பட்டவர்களாகவும் இருந்தார்கள். ஆனால் திருச்சபைக்குள் உள்ள இந்தப் பெருமை மட்டும் ஒருவரை அரசனைத் தூக்கிச் செல்லும் அளவுக்குத் துணிய வைக்காது. அவருக்கு வேறொரு பலம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மன் அரசன் ஒருவனுக்குத் தலைநகரம் கிடையாது, சம்பளம் பெறும் அதிகாரிகள் கிடையாது, நாடு முழுவதும் வரி திரட்டும் ஏற்பாடும் கிடையாது. தொலைவில் உள்ள ஒரு பகுதியை ஆள வேண்டுமானால், அங்கே நம்பிக்கையான ஒருவரை வைத்து, அவருக்கு நிலத்தைக் கொடுத்து, அதன் வருமானத்திலிருந்தே அவரும் அவருடைய வீரர்களும் வாழும்படி செய்வதுதான் வழி. இந்த வழியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நிலம் பெற்ற பிரபுவுக்கு மகன் பிறப்பான்; தந்தை இறந்ததும், 'இது எங்கள் அப்பா ஆண்ட பூமி' என்று அவன் உரிமை கொண்டாடுவான்; இரண்டு தலைமுறை கழிந்தால் அரசன் கொடுத்தது என்ற நினைவே யாருக்கும் இருக்காது. திருமணம் செய்துகொள்ளாத ஆயருக்குச் சட்டப்படியான மகன் இல்லை. அவர் இறந்தால் பதவியும் நிலமும் மீண்டும் அரசனின் கண்பார்வைக்கு வரும். அடுத்தவர் யார் என்பதில் அரசனின் விருப்பமே பெரும்பாலும் நிறைவேறும். அதோடு ஆயர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அரசவைக் குருவாக இருந்து ஆவணங்களை வரைந்து பழகியவர். பேராயரின் அரசியல் அதிகாரம் முளைத்தது, அவருக்குப் பிள்ளை இல்லை என்ற இந்த ஒரு செய்தியிலிருந்துதான் என்று சொன்னால் மிகையாகாது.

ஜெர்மன் அரசர் முதலாம் ஓட்டோ இந்த வழியை நன்றாகப் பயன்படுத்தினார். 953இல் அவருடைய தம்பி புரூனோ கொலோன் பேராயரானார். அதே ஆண்டில் லோத்தரிங்கியாவின் கோமகனாக இருந்த, ஓட்டோவின் சொந்த மகளை மணந்தவருமான கொன்ராட் கலகம் செய்தபோது, ஓட்டோ அந்தப் பதவியைப் பறித்துத் தம்பியிடம் கொடுத்தார். ஒரே ஆள் பேராயராகவும் கோமகனாகவும் இருந்தார். இதே போக்கில் ஓட்டோவும் அவருக்குப் பின் வந்த அரசர்களும் ஆயர்களுக்குச் சந்தை கூட்டும் உரிமை, சுங்கம் வாங்கும் உரிமை, நாணயம் அடிக்கும் உரிமை, வழக்கு விசாரிக்கும் உரிமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்கள். இது முன்கூட்டியே யோசித்து வகுத்த ஆட்சிமுறையா, அல்லது அவ்வப்போதைய தேவைக்குச் செய்த ஏற்பாடுகளின் தொகுப்பா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கொடுத்ததற்கு ஈடாக அரசன் கேட்டதும் சிறிதல்ல. 981இல் இரண்டாம் ஓட்டோ இத்தாலியப் போருக்காகக் கூடுதல் படை கேட்டு அனுப்பிய பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன்படி கொலோன் பேராயரும் மைன்ஸ் பேராயரும் தலைக்கு 100 கவசக் குதிரைவீரர்களை அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள மொத்த வீரர்களில் பெரும்பங்கு ஆயர்களும் மடாதிபதிகளும் தர வேண்டியது. ஒரு குதிரைவீரனை ஆயுதம், குதிரை, உதவியாள் சகிதம் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் அனுப்புவதற்குப் பல கிராமங்களின் விளைச்சல் தேவைப்பட்டது என்பதை வைத்துப் பார்த்தால், பேராயரிடம் எவ்வளவு நிலம் இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம்.

கொலோன் பேராயருக்கு நிலத்தைவிட ஆறு கொடுத்தது அதிகம். ரைன் வழியாக மதுவும் துணியும் உப்பும் மீனும் போய்வந்தன. கொலோன் வணிகர்கள் இங்கிலாந்து வரைக்கும் வியாபாரம் செய்தார்கள். பேராயர் அடித்த வெள்ளி நாணயம் தரத்துக்குப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 234 கிராம் எடைகொண்ட 'கொலோன் மார்க்' பிற்காலத்தில் பேரரசு முழுவதற்கும் நாணய எடையின் அளவுகோலாயிற்று. ஆற்றங்கரையில் கோட்டை கட்டிச் சுங்கம் வாங்குவது பேராயர்களின் கைவந்த கலை. 1372இல் பேராயர் மூன்றாம் பிரெடரிக் நாய்ஸ் நகரிலிருந்த சுங்கச் சாவடியை ட்சோன்ஸ் என்ற சிற்றூருக்கு மாற்றி, அதைச் சுற்றி மதிலும் காவல் கோபுரமும் எழுப்பினார். அந்த மதில் இன்றும் நிற்கிறது.

ஆனால் ஆண்டவன் பெயரால் ஆள்பவருக்கும் அந்த வணிகர்களுக்கும் இடையில் உறவு எப்படி இருந்தது என்பதை 1074இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். அதை விரிவாக எழுதிவைத்தவர் ஹெர்ஸ்ஃபெல்டு மடத்துத் துறவியான லாம்பெர்ட். அந்த ஆண்டு பாஸ்கா (ஈஸ்டர்) திருநாளுக்கு மியூன்ஸ்டர் ஆயர், அன்னோவின் விருந்தினராகக் கொலோனுக்கு வந்திருந்தார். அவர் திரும்பிப் போக ஒரு படகு வேண்டும். அன்னோவின் ஆட்கள் துறைக்குப் போய், ஒரு பணக்கார வணிகரின் படகைத் தேர்ந்தெடுத்து, ஏற்றியிருந்த சரக்கை உடனே இறக்கச் சொன்னார்கள். ஊரின் ஆண்டைக்குப் படகு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய எண்ணம். வணிகரின் இளவயது மகன் மறுத்தான். நண்பர்களைத் திரட்டி அந்த ஆட்களை விரட்டியடித்தான். செய்தி தெருத்தெருவாகப் பரவி, அன்று மாலைக்குள் ஊரே பேராயரின் மாளிகையைச் சூழ்ந்தது. மதுக்கிடங்கை உடைத்தவர்கள் பீப்பாய்களைத் திறந்துவிட்டதில் மது வெள்ளமாக ஓடியது என்கிறார் லாம்பெர்ட். அன்னோ பேராலயத்துக்குள் தஞ்சம் புகுந்து, இருளில் மாறுவேடமிட்டு, நகர மதிலில் இருந்த ஒரு சிறிய வழியாக வெளியே தப்பினார்.

நான்காம் நாள் அவர் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு படை வந்தது. நகரம் பணிந்தது. வணிகரின் மகனுக்கும் வேறு சிலருக்கும் கண்கள் பிடுங்கப்பட்டன; 600க்கும் மேற்பட்ட வணிகர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள் என்று லாம்பெர்ட் கணக்குச் சொல்கிறார். துறவி எழுதும் எண்களை அப்படியே நம்பத் தேவையில்லை என்றாலும், நகரம் நீண்ட காலம் வெறிச்சோடிக் கிடந்தது என்ற அவருடைய வருத்தத்தில் உண்மை இருந்திருக்கும்.

அன்னோ 1075 டிசம்பரில் இறந்தார். அந்தச் சமயத்தில்தான், அவர் கடத்திய சிறுவன் வளர்ந்து பெரியவனாகி, உரோமையின் திருத்தந்தை ஏழாம் கிரகோரியோடு மோதத் தொடங்கியிருந்தான். மோதலின் மையம் ஓர் எளிய கேள்வி: ஆயரை நியமிப்பது யார்? அதுவரை அரசனே புதிய ஆயரின் கையில் மோதிரத்தையும் ஆயர்கோலையும் கொடுத்துவந்தான். ஆன்மிகப் பதவியின் அடையாளங்களை குருவல்லாத ஒரு பொதுநிலையினன் கொடுப்பதா என்று உரோமை சினந்தது. அரசனுக்கோ, தன் படையில் பாதியும் வருமானத்தில் பெரும்பகுதியும் தரும் ஆட்களை வேறொருவர் நியமிப்பதை ஏற்க முடியவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை அரை நூற்றாண்டு நீடித்தது.

1122இல் வோர்ம்ஸ் நகரில் ஏற்பட்ட உடன்பாடு இந்த முடிச்சை அவிழ்த்தது. பதவியை இரண்டாகப் பிரித்தார்கள். மோதிரமும் ஆயர்கோலும் ஆன்மிகப் பணிக்கானவை. அவற்றைத் திருச்சபை கொடுக்கும். நிலம், சுங்கம், நாணயம், நீதிமன்றம் ஆகியவை அரசுரிமைகள். அவற்றை அரசன் ஒரு செங்கோலைத் தொட்டுக் கொடுப்பான். ஜெர்மனியில் ஆயரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அரசனின் முன்னிலையில் நடக்கும்; தேர்ந்தெடுக்கப்பட்டவர் திருநிலைப்பாட்டுக்கு முன்பே செங்கோலின் உரிமையைப் பெறுவார். ஆடு மேய்ப்பவனின் கோல் ஒன்று, அரசாள்பவனின் கோல் ஒன்று என்று தமிழில் நமக்கு இதைச் சொல்லிக்கொள்வது எளிது.

இதன் விளைவு இரு தரப்பும் எதிர்பாராதது. அரசனின் அலுவலர் போல இருந்த பேராயர், இப்போது செங்கோலின் வழியாக உரிமை பெற்ற சிற்றரசராக, மற்றக் கோமகன்களோடு சரிநிகராக உட்கார்ந்தார். 1180இல் பேரரசர் முதலாம் பிரெடரிக், சாக்சனியின் கோமகனான ஹென்றியை வீழ்த்தி அவருடைய நாட்டைப் பிரித்தபோது, மேற்குப் பகுதியான வெஸ்ட்பாலியாவின் கோமகன் பட்டம் கொலோன் பேராயர் பிலிப்புக்குக் கிடைத்தது. 1220இல் இரண்டாம் பிரெடரிக், தன் மகனை அரசனாகத் தேர்ந்தெடுக்க ஆயர்கள் சம்மதித்ததற்கு விலையாக, அவர்களுக்குப் பெரும் சலுகைகளை எழுதிக் கொடுத்தார். இறந்த ஆயரின் அசையும் சொத்தை அரசன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் கைவிடப்பட்டது. ஆயர்களின் நாட்டில் அவர்கள் சம்மதமின்றிப் புதிய சுங்கமோ நாணயச்சாலையோ வைப்பதில்லை என்றும் உறுதி தரப்பட்டது. யாரையேனும் ஓர் ஆயர் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்து, விலக்கப்பட்டவர் ஆறு வாரத்துக்குள் மன்னிப்புப் பெறாவிட்டால், அரசனும் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்க வேண்டும் என்ற விதி எல்லாவற்றிலும் கூர்மையானது. ஆயரின் சாபத்துக்குப் பின்னால் அரசனின் வாள் நின்றது.

தொடக்க நிலை வாசகர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பேராயரின் மறைமாவட்டமும் பேராயரின் நாடும் ஒன்றல்ல. அவற்றின் எல்லைகள் வேறு வேறு. நாய்ஸ் நகரத்துக் குடியானவன் ஒருவனுக்குத் திருமண வழக்கானாலும் கொலை வழக்கானாலும் கடைசியில் பேராயரின் நீதிமன்றம்தான். ரைனுக்குக் கிழக்கே பெர்க் சீமையில் வாழ்பவனோ திருமணம், உயில் போன்றவற்றுக்குப் பேராயரிடம் போவான். வரி கட்டுவதும் படைக்குப் போவதும் பெர்க் பிரபுவுக்கு. அவன் கிராமம் பேராயரின் மறைமாவட்டத்துக்குள் இருந்தது, பேராயரின் நாட்டுக்குள் இல்லை. தம் மறைமாவட்டத்துக்குள் உள்ள இப்படிப்பட்ட பிரபுக்களைத் தம் நாட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அடுத்தடுத்து வந்த கொலோன் பேராயர்களின் தீராத ஆசை.

அந்த ஆசைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் முதலாம் எங்கல்பெர்ட். 1216 முதல் பேராயராக இருந்த அவர், 1220இல் பேரரசர் இத்தாலிக்குப் போனபின் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பாளராகவும் பேரரசரின் மகன் ஹென்றியின் பாதுகாவலராகவும் விளங்கினார். குருக்கள் இரத்தம் சிந்தக் கூடாது என்பதால் மடங்களுக்கும் ஆலயங்களுக்கும் 'ஃபோக்ட்' என்ற பாதுகாவலரை நியமிப்பது வழக்கம். மரண தண்டனை வழக்கும் போரும் அவர் பொறுப்பு. பாதுகாவலர்கள் நாளடைவில் மடத்தின் நிலத்தையே தின்னத் தொடங்கினார்கள். வேலி பயிரை மேய்ந்த கதைதான். எஸ்ஸென் கன்னியர் மடத்தை அப்படி வாட்டிய பிரபு, எங்கல்பெர்ட்டின் சொந்த உறவினரான ஈசன்பெர்க் பிரெடரிக். பேராயர் அவரைக் கட்டுப்படுத்த முனைந்தார். 1225 நவம்பர் 7ஆம் நாள், சோஸ்ட் நகரில் பேச்சுவார்த்தை முடித்துத் திரும்பும் வழியில், கெவெல்ஸ்பெர்க் அருகே ஒரு பள்ளத்தாக்கில் எங்கல்பெர்ட் வெட்டிக் கொல்லப்பட்டார். பிடித்துச் சிறைவைப்பதுதான் நோக்கமாக இருந்தது, கைமீறிப்போயிற்று என்று கருதுவோரும் உண்டு. மறு ஆண்டு பிரெடரிக் கொலோனில் சக்கரத்தில் கட்டி உடல் நொறுக்கப்பட்டு இறந்தார். அவருடைய சகோதரர்கள் இருவர் அப்போது மியூன்ஸ்டரிலும் ஓஸ்னாபுரூக்கிலும் ஆயர்களாக இருந்தார்கள். அவர்களும் பதவி இழந்தார்கள். கொன்றவர், கொல்லப்பட்டவர், பதவி இழந்த ஆயர்கள் எல்லாருமே ஒரு பெரிய குடும்பத்தின் கிளைகள் என்பது கவனிக்கத்தக்கது.

பேராயருக்கு மகன் இல்லை என்று சொன்னேன். அண்ணன் மகன் இருந்தான். பேராயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நாளடைவில் பேராலயக் குருக்களின் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழுவின் இடங்களை உயர்குடிகளின் இளைய பிள்ளைகள் நிரப்பினார்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பெர்க் குடும்பமும் அதன் கிளையும் மட்டும் பல பேராயர்களைத் தந்தன. அரசன் எதைத் தவிர்க்க நினைத்து ஆயர்களிடம் நிலத்தைக் கொடுத்தானோ, அது பக்கவாட்டில் நுழைந்து வந்துவிட்டது.

அரசனை முடிசூட்டும் உரிமையில்தான் இந்த அதிகாரம் உச்சத்தைத் தொட்டது. ஜெர்மன் அரசனுக்கு முடிசூட்டும் இடம், பேரரசர் சார்லமேனின் கல் அரியணை இருந்த ஆகன் நகரம். ஆகன் லியேஜ் ஆயரின் எல்லைக்குள் இருந்தது. லியேஜ் ஆயரோ கொலோன் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர். அந்த வகையில் ஆகனில் முடிசூட்டுவது தம் உரிமை என்று கொலோன் பேராயர் நிலைநாட்டினார்; மைன்ஸ் பேராயருக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல். இந்த உரிமையின் எடை 1198இல் தெரிந்தது. அந்த ஆண்டு இரண்டு பேர் அரசர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இங்கிலாந்து அரசன் ரிச்சர்டின் சகோதரி மகனான ஓட்டோவைக் கொலோன் பேராயர் அடோல்ஃப் ஆகனில் முடிசூட்டினார். இங்கிலாந்து வணிகத்தில் வாழ்ந்த கொலோனுக்கு அது உகந்த தேர்வு. ஆனால் பரம்பரை மணிமுடி எதிர்த்தரப்பான ஸ்வாபியாவின் பிலிப்பிடம் இருந்தது. பிலிப் அந்த முடியை மைன்ஸ் நகரில் வேறொரு பேராயர் கையால் சூட்டிக்கொண்டார். ஒருவருக்குச் சரியான இடமும் சரியான கையும், தவறான முடி. மற்றவருக்குச் சரியான முடி, தவறான இடம், தவறான கை. அடோல்ஃப் கட்சி மாறியபின், ஏறத்தாழ ஏழாண்டுகளாக அரசராக இருந்த பிலிப், 1205இல் ஆகனுக்குப் போய் அதே அடோல்ஃபின் கையால் மறுபடியும் முடிசூட்டிக்கொண்டார் என்றால் அந்தக் கைக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளலாம். அடோல்ஃபைத் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் பதவிநீக்கம் செய்தார்.

முடிசூட்டும் கை நாளடைவில் தேர்ந்தெடுக்கும் கையாகவும் ஆயிற்று. 1356இல் நான்காம் சார்லஸ் வெளியிட்ட பொன்முத்திரை ஆணை, அரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழு பேருக்கு மட்டும் என்று உறுதிப்படுத்தியது. அவர்களில் மூவர் பேராயர்கள்: மைன்ஸ், டிரியர், கொலோன். மற்ற நால்வர் பொஹீமிய அரசன், ரைன் பாலடினேட் பிரபு, சாக்சனிக் கோமகன், பிராண்டன்பர்க் எல்லைப்பிரபு. முதல் வாக்கு டிரியருக்கு, இரண்டாவது கொலோனுக்கு. எல்லாரிடமும் வாக்கைக் கேட்டுவிட்டு மைன்ஸ் கடைசியில் வாக்களிப்பார். நான்கு வாக்கு கிடைத்தவர் அரசர். 30 நாள்களுக்குள் முடிவு எடுக்கத் தவறினால் அதற்குப் பிறகு அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உணவு என்றும் அந்த ஆணை விதித்தது. வாக்குக்குப் பணம் கைமாறியதும் உண்டு: 1257இல் கார்ன்வால் பிரபு ரிச்சர்டை அரசராக்கியபோது கொலோன் பேராயர் கொன்ராடுக்கு ஆயிரக்கணக்கான மார்க் வெள்ளி கிடைத்தது.

இந்தக் கொன்ராடுதான் 1248 ஆகஸ்ட் 15 அன்று இன்றைய கொலோன் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர். நாட்டின் அரசர்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிய அவரால், தம் சொந்த நகரத்தை அடக்க முடியவில்லை. வணிகக் குடும்பங்கள் மதில் கட்டின, வரி வசூலித்தன, தங்களுக்கென்று ஓர் ஆட்சிமன்றத்தை வைத்துக்கொண்டன. 1258இல் ஆல்பர்ட் என்ற புகழ்பெற்ற தொமினிக்கத் துறவியும் வேறு சிலரும் நடுவர்களாக இருந்து, நகரின் மேலான தலைவர் பேராயரே என்றும், ஆனால் நகரத்துக்கும் தன்னாட்சி உரிமைகள் உண்டு என்றும் தீர்ப்பு எழுதினார்கள். இரு தரப்பும் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் படித்தன.

1288 ஜூன் 5ஆம் நாள் கணக்குத் தீர்ந்தது. லிம்பர்க் சீமையின் வாரிசுரிமைக்காக எழுந்த போரில், பேராயர் சிக்ஃபிரீட் கவசம் அணிந்து வோரிங்கன் களத்துக்குப் போனார். எதிரே பிராபன்ட் கோமகனும் பெர்க் பிரபுவும் நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து கொலோன் குடிமக்களும் தங்கள் பேராயருக்கு எதிராக நின்றார்கள். பேராயர் தோற்றுப் பிடிபட்டு, பெர்க் பிரபுவின் கோட்டையில் ஓராண்டுக்கும் மேல் கைதியாக இருந்தார். பணம் கொடுத்து விடுதலை பெற்று வந்த அவருக்குத் தம் நகரம் மீண்டும் வசப்படவில்லை. 1297இல் இறந்த அவரைப் பான் நகரில் அடக்கம் செய்தார்கள்.

அதன்பிறகு ஐந்நூறு ஆண்டுகள், கொலோன் பேராயர் என்ற பெயரைத் தாங்கியவர்கள் கொலோனை ஆளாமல், பெரும்பாலும் பானிலும் புரூலிலும் இருந்து தம் நாட்டை ஆண்டார்கள். நகரத்துக்குள் அவர்களுக்கு மிஞ்சிய முக்கியமான உரிமை, மரண தண்டனை வழக்கை விசாரிக்கும் உயர்நீதிமன்றம். நகர மன்றம் குற்றவாளியைப் பிடிக்கும், தலையை எடுக்கத் தீர்ப்புச் சொல்வது பேராயரின் நீதிமன்றம். பானில் அமைந்த பேராயரின் அரசவைக்குத்தான் 1733இல் ஓர் இசைக்கலைஞர் வேலைக்கு வந்து சேர்ந்தார். பீத்தோவன் அந்த ஊரில் பிறந்தது, அவருடைய தாத்தா அந்த வேலைக்கு வந்ததால்தான். 1794இல் பிரெஞ்சுப் படை ரைனை நெருங்கியபோது கடைசியாகப் பானில் இருந்து ஆண்ட பேராயர் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1803இல் செங்கோலின் பங்கு சட்டப்படியே ஒழிக்கப்பட்டது; ஆயர்கோல் இன்றும் கொலோனில் இருக்கிறது.